பீநாறி மரமும் என் டிப்ளமோவும்

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்

தலைப்பைப் படித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகிற நண்பா, ஒரு நிமிடம் நில்! மலர்க்குழுத் தோழர்களே, "பேரை மட்டும் மாத்திக் குடுத்துருடா, பிரின்சிபால் சார் படிப்பாரு" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். இந்த மரத்துக்குப் 'பெருமரம்' என்று நாகரிகமான பெயர் ஒன்றும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. பீநாறி என்று சொல்லுங்கள், ஆடு மேய்க்கிற ஆத்தாகூட எந்தப் பொழியில் எத்தனை நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடும். ஆகவே பெயர் அப்படியே இருக்கட்டும்.

அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டாங்காடு. கிணறும் இல்லை, போரும் இல்லை. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறுங்காடு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது என்று கடிதம் வந்த அன்று வீடே சிரித்தது. மறுநாள் பணத்தை எண்ணியபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஃபீஸ், விடுதி முன்பணம், டிராயிங் போர்டு, காக்கி யூனிபார்ம்... கட்டுவதற்கு ஒரு வாரம்தான் தவணை. அப்பா ஒறம்பரை வீடு நாலுக்கு நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கடைசியில் கை கொடுத்தது வடக்குப் பொழியில் நின்ற ஐந்து பீநாறி மரம். நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருசம் எங்கள் அப்பாரு நட்டது. வியாபாரி வந்தார், கயிறு பிடித்துச் சுற்றளவு பார்த்தார், அண்ணாந்து உயரம் பார்த்தார், பேரம் முடிந்தது. காலையில் வெட்டி மதியத்துக்குள் டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். அப்பா ரூபாயை என் கையில் கொடுத்து, "உம்பட படிப்பு இந்த மரத்துல ஏறிப் போவுது கண்ணு, பாத்துக்கோ" என்றார். அப்பாரு ஒன்றும் சொல்லவில்லை. வெட்டின கட்டைகளின் மேல் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

இதை விடுதியில் வெள்ளந்தியாகச் சொன்னேன். பலன்? ஒரு செமஸ்டர் முழுக்க என் பெயரே 'பீநாறி' ஆகிவிட்டது! அப்போது அழுதேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம்தான் இந்த மரத்தைப் பற்றித் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ரோசம் வந்தது.

இதற்கு முறையான தாவரவியல் பெயர் வைத்தவர் நம் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராக்ஸ்பர்க் என்கிற வெள்ளைக்கார டாக்டர். வருடம் 1795. வைத்த பெயர் 'அய்லாந்தஸ் எக்செல்சா'. முதல் சொல் இந்தோனேசியப் பக்கத்து அம்பான் தீவின் மொழியிலிருந்து வந்தது. வானத்தை எட்டுகிற மரம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். இரண்டாவது சொல்லுக்கு 'உயர்ந்தது' என்று பொருள். எவனோ தீவுக்காரன் வானம் என்கிறான், நாம் பீ என்கிறோம்! இதன் சீனத்துச் சித்தப்பன் மகன் ஒருவன் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க் சந்துகளில் முளைத்து, பெட்டி ஸ்மித் என்கிற அம்மையார் 1943-ல் எழுதிய 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' நாவலில் ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் ஜன்னலோரத்து மரமாகவே ஆகிவிட்டான். (அந்தச் சீன வகை அங்கே இப்போது அடக்க முடியாத களை. நம்முடையது இந்திய மண்ணின் சொந்தப் பிள்ளை, அந்தச் சேட்டை இதனிடம் இல்லை.)

நாற்றம் உண்மைதான். தழையைக் கசக்கினாலும் பூப்பூத்தாலும் மூக்கில் ஏறும். ஆனால் ஆட்டுக்கு மூக்கு வேறு மாதிரி போலிருக்கிறது. தழை ஒடித்துப் போட்டால் வெள்ளாடு, செம்மறி இரண்டும் ஓடி வரும். ராஜஸ்தான், குஜராத்தில் இதை 'அர்டு' என்கிறார்கள். வறண்ட காலத்தில் ஆடுகளைக் காப்பாற்றுகிற தழையே அங்கே இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது பீநாறி மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. ஒரு நோட்டீஸ்!

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனார். மலைவேம்பு நடுங்கள், வேகமாக வளரும், வறட்சியைத் தாங்கும், ஏழே வருடத்தில் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார். எங்கள் பெரியப்பா மயங்கிவிட்டார். கடன் வாங்கி ஒன்றரை ஏக்கரில் வரிசையாக நட்டார். முதல் வருசம் போர்த்தண்ணி இருந்தது, மரம் மளமளவென்று போனது. அடுத்த கோடையில் ஆயிரம் அடி போர் காற்றுதான் தள்ளியது. அதோடு மரம் நின்றுவிட்டது. சாகவில்லை, வளரவும் இல்லை. தோளுயரத்துக்கு நட்டவன் கண்டதைவிடக் கொஞ்சம் உயரத்தில் கம்பு மாதிரி நிற்கிறது. வட்டி மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மலைவேம்பு கெட்ட மரம் இல்லை, நண்பர்களே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் தானாக வளர்கிற மரம். நல்ல ஆழமான மண்ணும் தண்ணீரும் கொடுத்தால் அது ஓடுகிற ஓட்டமே தனி. பிளைவுட் ஆலைகள் தேடி வந்து வாங்குகின்றன. தோட்டமும் பாசனமும் வைத்திருப்பவர் தாராளமாக நடட்டும். எங்கள் பெரியப்பா ஏமாந்தது மரத்திடம் இல்லை, நோட்டீஸில் இருந்த இரண்டு வாக்கியத்திடம். 'வேகமாக வளரும்', 'வறட்சியைத் தாங்கும்'. இரண்டும் தனித்தனியாக உண்மையாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும் என்று நினைப்பதுதான் தப்பு!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மரம் வறட்சியை எப்படித் தாங்குகிறது? இலையின் அடியில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மரத்தின் தண்ணீர் ஆவியாகப் போகிறது. மரத்துக்குச் சாப்பாடு செய்யக் காற்று உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். தண்ணீரை மிச்சம் பிடிக்கத் துளையை மூடினால் சாப்பாடும் நின்றுபோகும். பீநாறி இன்னும் ஒருபடி மேலே போய், வறண்ட மாதங்களில் இலையையே உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றுவிடுகிறது. தாங்குவது என்றால் அதுதான்: வளராமல் சும்மா நிற்பது. நம் பாஷையில் சொன்னால், இன்ஜினை ஆஃப் பண்ணி நிறுத்திய லாரி டீசல் குடிக்காது, ஊருக்கும் போய்ச் சேராது. மழை வந்ததும் எவ்வளவு சீக்கிரம் ஸ்டார்ட் ஆகி, இருக்கிற ஈரத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான் மரத்துக்கு மரம் வித்தியாசம்.

அந்தக் கணக்கில்தான் எனக்குப் பீநாறி மேல் மரியாதை. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழை போதும், உயிர் பிடித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் நம் கோவைச் சமவெளி மழை மறைவில் கிடக்கிறது. 700 மில்லிமீட்டரைத் தொட்டால் நமக்கு நல்ல வருசம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மாத ஈரத்தை வைத்துக்கொண்டு இந்த மரம் வருசா வருசம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெருக்கிறது. செம்மண், சரளை, மணல் கலந்த மண் எல்லாம் இதற்குச் சம்மதம். தண்ணீர் காட்டினால் ஆறேழு வருசத்தில் வெட்டலாம் என்கிறார்கள். எங்கள் அப்பாரு மரத்துக்குப் பத்து வருசம் ஆயிற்று. அவர் தண்ணீர் ஊற்றியது முதல் கோடையில் மட்டும், அதுவும் குடத்தில். நோட்டீஸ் அடிப்பதாக இருந்தால் நான் 'பத்து வருசம்' என்றுதான் அடிப்பேன்.

இதற்குப் பிடிக்காத ஒன்று தேங்கிய தண்ணீர். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக எங்கள் பக்கத்து ஜனங்கள் பல பத்து வருசம் போராடியது உங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகும் பவானித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி 1045 குளம் குட்டைகளுக்கு நிரப்புகிற திட்டம். எங்கள் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. ஊரே தேங்காய் உடைத்தது. குட்டைக்கு ஓரமாகப் பள்ளத்தில் அப்பா மூன்று பீநாறிக் கன்று வைத்திருந்தார். வேர் ஊறி, இலை மஞ்சளாகி, மூன்றும் செத்துப்போயின. காய்ச்சலுக்கு அசராத கன்று, ஊருக்குத் தண்ணீர் வந்த வருசம் செத்தது! அப்பாருவிடம் சொன்னேன். "அதுக்கு மேட்டுலதான் கண்ணு பொழப்பு. பள்ளத்துல எவன் வெக்கச் சொன்னான்?" என்றார். குளத்தோரம் நட விரும்புகிறவர்கள் புங்கனை வைக்கட்டும், நீர்மருதை வைக்கட்டும்.

இயந்திரவியல் நண்பர்களுக்கு இனி ஒரு விருந்து. எங்கள் மரம் எங்கே போயிற்று என்று பார்க்க ஆசைப்பட்டு, விடுமுறையில் ஒருநாள் அந்த வியாபாரியின் லாரியில் ஏறிக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு குச்சி ஆலைக்குப் போனேன். ஆமாம், தீக்குச்சி! 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று சிவகாசிக்காரர் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்து ஆரம்பித்த தொழில் அது. அங்கே நான் பார்த்த மெஷினைச் சொல்கிறேன். பட்டை உரித்த மரத்துண்டை நம் லேத்தில் ஜாப் மாட்டுகிற மாதிரியே இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்றுகிறார்கள். நாம் ஒற்றை முனை டூலை வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்துவோம். அங்கே மரத்தின் நீளம் முழுக்க ஒரே கத்தி. அது மையத்தை நோக்கி முன்னேறுகிறது. மரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கத்தி எவ்வளவு நகர்கிறதோ அதுவே உரிந்து வருகிற ரிப்பனின் தடிமன். அதாவது ஃபீடுதான் தீக்குச்சியின் கனம்! நாம் குப்பையில் கொட்டுகிற சிப்தான் அங்கே சரக்கு. பாய் சுருட்டுகிற மாதிரி ரிப்பன் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். பிறகு அதை அடுக்கி, வெட்டுக் கத்தியில் குச்சிகளாக நறுக்கிக் காயவைக்கிறார்கள்.

எல்லா மரமும் இதற்கு ஒத்து வராது. முறுக்கு இல்லாத நேரான நார் வேண்டும். இல்லாவிட்டால் உரசும்போது குச்சி ஒடியும். மெழுகைக் குடிக்கிற அளவுக்கு நுண்துளை வேண்டும், ஏனென்றால் மருந்தின் தீயைக் குச்சிக்குக் கடத்துவது அந்த மெழுகுதான். வெள்ளையாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும், பச்சையாகவே உரிய வேண்டும். பீநாறிக்கு இத்தனையும் இருக்கிறது. குறையும் உண்டு. வெட்டிப் போட்டு வைத்தால் நாலு நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். வியாபாரி ஏன் மதியத்துக்குள் டெம்போ ஏற்றினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பேரத்தில் அவசரம் அவருக்குத்தான் இருந்தது, எங்களுக்கு இல்லை! அப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பார்.

தீப்பெட்டியை நம்பி மரம் நடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 14 வருசத்துக்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் லைட்டர் வந்து தொழிலை அடித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. கேஸ் அடுப்புக்கு வீட்டுக்கு வீடு வேறு லைட்டர். ஆகவே தீப்பெட்டி ஒன்றையே கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். பேக்கிங் பெட்டிக்கும் பிளைவுட்டின் நடுப்பலகைக்கும் இந்த மரம் போகிறது. ஒன்றும் போகாவிட்டால் ஆடு இருக்கவே இருக்கிறது.

அதனால்தான் காடு முழுக்க இதை நடாதீர்கள் என்கிறேன். பொழி ஓரம், வேலி ஓரம், உழவு மாடு திரும்புகிற மூலை, இவை போதும். நடுவில் சோளமும் கொள்ளும் வழக்கம்போல விதைக்கலாம். இது வேலமரம் மாதிரி அவரைக் குடும்பம் இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்காது. சின்னக் கன்றில் கம்பளிப்புழு விழுந்து இலையை மொட்டை அடிக்கும். கிளை பொறுபொறுப்பானது, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று கிளம்பினால் ஒடிந்து விழும், வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் நோட்டீஸ்காரர் சொல்ல மாட்டார். நான் விற்கிற ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று தோன்றலாம். எங்கள் வீட்டுக்கு மூன்று மாதமாக ஒரு சைட் புரோக்கர் வந்து போகிறார். மேட்டாங்காட்டைக் கேட்கிறார். "வெளையாத காட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? பையன் படிச்சு முடிச்சா கம்பெனிக்குப் போயிருவான், திரும்பி வந்து ஏரா ஓட்டப் போறான்?" என்று அவர் கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் கம்பெனிக்குத்தான் போவேன். வேலை கிடைத்தால் அம்பத்தூருக்கோ ஓசூருக்கோ போவேன். இங்கே படிக்கிற கிராமத்து நண்பர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். சும்மா கிடக்கிற காடு, படித்த பையன், வாசலில் புரோக்கர்.

ஆள் இல்லாத காட்டுக்கு என்ன செய்யலாம்? வாழை வைக்க முடியாது, மஞ்சள் வைக்க முடியாது, போர் போட்டால் கடன். தினமும் போய்ப் பார்க்க ஆள் வேண்டாத, தண்ணீர் கேட்காத, பத்து வருசம் கழித்து ஒரு பிள்ளையின் ஃபீஸுக்கு ஆகிற ஒன்று வரப்பில் நின்றால், 'வெளையாத காடு' என்று அப்பாவிடம் யாரும் அத்தனை சுலபமாகச் சொல்ல முடியாது. இது லட்சக் கணக்கு இல்லை. அந்த ஐந்து மரம் எனக்கு முதல் வருசத்துக்கு மட்டும்தான் ஆயிற்று. இரண்டாம் வருசத்துக்கு அம்மாவின் தோடு போனது. ஆனால் முதல் வருசம் இல்லாவிட்டால் இரண்டாம் வருசம் ஏது?

இன்னொரு செய்தி. அப்பாரு சாணி ஊற்றினாரே, அந்தக் கட்டைகளில் மூன்று துளிர்த்துவிட்டன. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கிற குணம் இதற்கு உண்டு. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு நல்ல போத்தை மட்டும் விட்டு மற்றதை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டோம். இப்போது ஓட்டு வீட்டு உயரத்தைத் தாண்டிவிட்டன. எங்கள் தங்கச்சி எட்டாவது படிக்கிறாள். நர்சிங் என்கிறாள். அவளுக்குத் தேவைப்படும்போது அந்த மூன்றும் தயாராக இருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் அப்பா புரோக்கரிடம் இன்னும் 'இல்லை' என்று சொல்லவில்லை. 'தை பொறக்கட்டும், பார்ப்போம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். வைகாசி விடுமுறையில் விதை பொறுக்கினேன். இதன் விதை நடுவில் இருக்க, இரண்டு பக்கமும் காகிதம் மாதிரி இறக்கை. காற்றில் சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பார்த்தால் ஹெலிகாப்டர் ஞாபகம் வரும். பொறுக்கிய விதையை வைத்திருக்கக் கூடாது. சில மாதத்தில் முளைப்புத் திறன் போய்விடும். போன வருசம் விதையை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்து, மழை வந்த பிறகு விதைத்து ஏமாந்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த முறை உடனே விதைத்தேன். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றினால் நாற்று அழுகும். நூற்றைம்பது கவரில் அறுபத்திரண்டு வந்திருக்கிறது. நாற்பதை ஐப்பசி மழைக்கு எங்கள் பொழியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து வைக்கப் போகிறேன், அப்பா சம்மதித்துவிட்டார். "விக்கறதா இருந்தாலும் மரத்தோட வித்தா ரெண்டு காசு சேத்திக் கெடைக்கும்" என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்.

மிச்சம் இருபத்திரண்டு நாற்று விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறது. ஊரில் மேட்டாங்காடு வைத்திருக்கிற நண்பர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். கவரைக் கிழிக்காமல் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வைகாசிக்கு வேண்டும்.